மண்ணுக்கு அடியில் தீ வைக்கச் சொன்ன பாரிட் லீமா

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தஞ்சோங் காராங்கில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. எனக்கு எதிரே ஒரு பெண்மணி. இரண்டு பேரும் பேச ஒன்றும் இல்லாமல் ஊறுகாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இத்தனைக்கும் நாங்கள் புதியவர்கள் இல்லை. நோன்பு மாதத்துக்கு முன்பிருந்தே அநேகமாகத் தினமும் பேசுகிறவர்கள். சேர்ந்து மரம் நட்டிருக்கிறோம். கால்வாய் வெட்டியிருக்கிறோம். ஒருமுறை என் கோழிக்கூண்டு பற்றிக்கொண்டபோது தன் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அணைத்தவர் அவர்.

எல்லாம் கம்ப்யூட்டருக்குள்.

சிரிக்காதீர்கள். அறுபதைத் தாண்டிய பொம்பளைக்கு வீடியோ கேம் ஒரு கேடா என்று கேட்கத் தோன்றுகிறது, அப்படித்தானே? என் நாத்தனாரும் அதையேதான் கேட்டாள்.

என் மகன் ஜோகூருக்கு வேலைக்குப் போனபோது தன் பழைய கம்ப்யூட்டரை மாடி அறையில் விட்டுவிட்டுப் போனான். வீட்டுக்காரர் அதற்கு முன்பே தவறிவிட்டார். ஆக, கோலா சிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டில் கீழே நான், மேலே கம்ப்யூட்டர். அவ்வளவுதான் குடும்பம்.

ஒருநாள் தூசு தட்டப் போனவள் சும்மா சுவிட்சைப் போட்டேன். அவன் விளையாடிக்கொண்டிருந்த விளையாட்டு திறந்துகொண்டது. பச்சைப் பசேலென்று ஒரு நிலம். நடுவில் பாதி கட்டிய வீடு. சுவர் இருக்கிறது, கூரை இல்லை. மழை வேறு பெய்துகொண்டிருந்தது. உள்ளே போட்டிருந்த கட்டிலெல்லாம் நனைகிறது...

எனக்குப் பொறுக்கவில்லை. கூரை போட உட்கார்ந்தேன். அப்படி ஆரம்பித்ததுதான்.

இந்த விளையாட்டில் ஜெயிப்பது, தோற்பது என்று ஒன்றும் கிடையாது. நிலம், மரம், கல், தண்ணீர் எல்லாம் கொடுத்துவிடுவார்கள். நம் இஷ்டத்துக்குக் கட்டலாம், தோண்டலாம், நடலாம். எதிரி என்றால் இயற்கைதான். மின்னல் விழும். எரிமலைக் குழம்பு ஓடிவரும். மணற்புயல் கண்ணை மறைக்கும். முதல் வாரம் முழுக்க நான் செத்துக்கொண்டே இருந்தேன். செத்தால் பரவாயில்லை, மறுபடி கட்டிலில் எழுந்து உட்காரலாம். அந்த ஒரு வசதிக்காகவே இந்த விளையாட்டைச் சிபாரிசு செய்வேன்.

மற்றவர்களோடு பேசுவதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னது. மேசையில் பாசிர் பெனம்பாங்கில் வாங்கிய உலர்ந்த இறால் பொட்டலம் ஒன்று கிடந்தது. அதில் எழுதியிருந்ததை அப்படியே தட்டிவிட்டேன். உடாங் கெரிங். உலர்ந்த இறால்! வயதுக்கும் பொருத்தமாகத்தான் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் விளையாட்டைத் தயாரிக்கிறவர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் போட்டார்கள். ‘எங்கள் உலகில் உள்ள இயற்கை ஆபத்துகளை எப்படி மேம்படுத்தலாம்? விளையாடுகிறவர்களே யோசனை சொல்லுங்கள்.’

எனக்குத் தலை சுற்றியது. ஆபத்தை மேம்படுத்துவதா? நாமெல்லாம் வருடா வருடம் வடிகாலை மேம்படுத்துங்கள், கரையை மேம்படுத்துங்கள் என்று மனுக் கொடுத்து ஓய்ந்தவர்கள். வெள்ளத்தை மேம்படுத்துங்கள் என்று கேட்கிற ஜனங்களை அன்றுதான் பார்த்தேன்.

ஜனங்களும் சும்மா இல்லை. ஒருவர் விண்கல் விழ வேண்டும் என்றார். ஒருவர் சுழற்காற்று. ஒருவர் அமில மழை. இன்னொருவர் பூமி பிளந்து ஒரு கிராமத்தையே விழுங்க வேண்டும், ஆனால் சத்தம் நன்றாக இருக்க வேண்டும் என்றார். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று விளங்கியது. இவர்களில் யார் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்ததே இல்லை!

எனக்கு வந்திருக்கிறது. அதனால் நானும் என் உடைந்த ஆங்கிலத்தில் ஒரு யோசனை எழுதினேன். ‘உங்கள் விளையாட்டில் மழை பெய்தால்தான் வெள்ளம் வருகிறது. எங்கள் ஊரில் நல்ல வெயிலில் வரும். கடல் ஏறும் நாளில் தண்ணீர் வாசல் வழியாக வராது. குசினிக்குப் பின்னால் இருக்கும் சாக்கடையிலிருந்து எழுந்து வரும். சத்தமே இருக்காது. தண்ணீர் வடிந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்போம். செடி அன்றைக்குச் சாகாது. உப்பு ஏறி அடுத்த வாரம் சாகும். அப்படி வையுங்கள்.’

ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. விண்கல்லுக்குக் கைதட்டல் குவிந்துகொண்டிருந்தது.

அதற்குக் கீழேதான் அந்தப் பதிவு வந்தது. என் ஆங்கிலத்தைவிட ஒரு பிடி மோசமான ஆங்கிலம். எழுதியவர் பெயர் பாரிட் லீமா.

‘தீ மண்ணுக்கு அடியில் போக வேண்டும். ஆள் மேலே தண்ணீர் ஊற்றி அணைப்பான். முடிந்தது என்று வீட்டுக்குப் போவான். தீ கீழே நடந்து போய் வேறு இடத்தில் வரும். காற்று இல்லாமல் மரம் சாயும். ஏனென்றால் வேர் இருக்காது.’

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

காற்று இல்லாமல் மரம் சாயும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. பார்த்திருக்க வேண்டும். கம்புட் மண் என்று நாம் சொல்கிற அந்தக் கறுத்த, மெத்தென்ற சதுப்பு மண்ணில் குடியிருந்திருக்க வேண்டும். முன்னே நாங்கள் இருந்த எஸ்டேட் தோட்டத்துப் பின்கட்டில் அப்படி எரிந்திருக்கிறது. மேலே புல் பச்சையாக நிற்கும், கீழே கனன்றுகொண்டிருக்கும். தோட்டத்து மேஸ்திரியான மண்டோர் நீளக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்த பிறகுதான் யாரையும் அந்தப் பக்கம் நடக்க விடுவார். கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போய்விடும்.

இந்த ஆள் உலகத்தின் எந்த மூலையிலோ இல்லை. இங்கேதான் எங்கேயோ இருக்கிறார்.

பாரிட் லீமா என்றால் ஐந்தாம் கால்வாய். சுங்கை பெசார் பக்கம் வயல்களுக்கு நடுவே கால்வாய்க்கு எண் வைத்துத்தான் இடம் சொல்வார்கள். ஆக, நெல் போடுகிற மலாய்க்காரர் என்று நானே முடிவு கட்டினேன். மரியாதையாக மலாயில் ஒரு வரி எழுதினேன். ‘நீங்கள் சிலாங்கூர் வடக்கா?’

‘ஆமாம். நீங்களும் இந்தப் பக்கம்தானா?’ என்று சுத்தமான மலாயில் பதில் வந்தது.

இறால் என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பவள் மீன்பிடிக் கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவரும் முடிவு கட்டியிருக்கிறார்! இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து அவருடைய உலகத்தில் எனக்கும் இடம் கொடுத்தார். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு நான் போவேன். அவர் அநேகமாக ஏற்கெனவே அங்கே ஒரு மண்வெட்டியோடு நின்றுகொண்டிருப்பார். நாங்கள் தோட்டத்தைப்போல வரிசை பிடித்து மரம் நட்டோம். வரிசைக்கு இடையே கால்வாய் வெட்டினோம். தண்ணீரைத் தேக்கினால் தீ கீழே போகாது, வடியவிட்டால் போகும் – அதைச் செய்துகாட்ட வேண்டும் என்பது அவருடைய திட்டம். விளையாட்டில் மண்ணுக்கடியில் தீ இல்லை அல்லவா? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். புல்லுக்கு ஒரு அடுக்குக் கீழே எரிமலைக் குழம்பை ஓடவிட்டார். மேலே பச்சை, கீழே நெருப்பு. அங்கங்கே திடீரென்று ஒரு மரம் பற்றிக்கொள்ளும். என் கோழிக்கூண்டு போனது இந்தப் பரிசோதனையில்தான்.

‘மன்னிக்கவும், அங்கே வரும் என்று எதிர்பார்க்கவில்லை’ என்று எழுதினார்.

‘தீக்கு யார் வழி சொல்ல முடியும்?’ என்று எழுதினேன்.

இப்படி எவ்வளவோ பேசினோம். புகைமூட்டத்தையும் ஓர் ஆபத்தாகச் சேர்க்க வேண்டும் என்று இருவரும் சேர்ந்து ஒரு யோசனை அனுப்பினோம். வானம் பல நாள் மஞ்சளாக இருக்கும். யாரும் தாக்க மாட்டார்கள். சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த நாட்டுக்காரரோ ஒருவர் கேட்டார்: ‘இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது? ஆள் என்ன செய்வான்?’

பாரிட் லீமா ஒற்றை வரியில் பதில் போட்டார். ‘காத்திருப்பான்.’

அதை இன்னொரு தடவை படித்தேன். என்னைப் பற்றி யாரோ எழுதிவிட்டதுபோல இருந்தது.

நோன்புப் பெருநாள் வந்தது. மரியாதை தெரிந்தவள் இல்லையா நான்? முறைப்படி ‘செலாமாட் ஹரி ராயா’ சொல்லி, தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளைப் பொறுத்தருளுங்கள் என்று எழுதினேன். அடுத்த நிமிடமே அதே வாழ்த்து அங்கிருந்தும் வந்தது. ‘ரெண்டாங் நன்றாக வந்ததா?’ என்று பெருநாள் இறைச்சிப் பிரட்டலைப் பற்றி விசாரித்தார். ‘அருமையாக வந்தது’ என்றேன். பொய்யில்லை. மூலைக் கடையில் வாங்கியது, அருமையாகத்தான் இருந்தது. ‘உங்களுக்கு?’ என்றேன். ‘எனக்கும்’ என்றார்.

நல்ல மனிதர், பண்டிகை நாளில்கூட என்னை மறக்கவில்லையே என்று நெகிழ்ந்துபோனேன்.

அப்புறம் தீபாவளி.

மகன் வரவில்லை. மருமகள் வீட்டுப் பக்கம் போகிறார்களாம். காலையில் எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். புதுச் சேலை கட்டினேன். சாமி கும்பிட்டேன். தோசை சுட்டேன். முறுக்குத் தட்டை வாசல் பக்கத்து மேசையில் வைத்தேன். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் வந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனது. அப்புறம்...? அப்புறம் ஒன்றும் இல்லை. ஒரு பண்டிகை இவ்வளவு சீக்கிரம் முடியக்கூடியது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தட்டில் முறுக்கு அப்படியே இருந்தது. புதுச் சேலையோடு மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

பட்டப்பகலில் பாரிட் லீமா அங்கே இருந்தார்.

‘இன்றைக்கு வேலை இல்லையா?’ என்று மலாயில் கேட்டேன்.

‘பொது விடுமுறை. உங்களுக்கு?’

‘எனக்கும் விடுமுறைதான்.’

விளையாட்டில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அங்கே பகல் சட்டென்று முடிந்துவிடும். நான் என் வேலையாகக் கால்வாய்ப் பக்கம் போய்விட்டுத் திரும்பினால், அவருடைய வீட்டு மதில்மேல் விளக்கு. ஒன்றல்ல, மதில் நெடுகச் சின்னச் சின்ன விளக்காக வரிசை. வாசலில் என்னவோ நிறம் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். வண்ணக் கற்களைப் பதித்துக் கோலம். புள்ளி பிசகாத கோலம்!

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினேன்.

‘நீங்க தமிழா?’

விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் வந்தது பதில்.

‘ஆமாங்க. அப்ப நீங்க?’

‘நானுந்தாங்க.’

‘ஐயோ! அப்ப ராயாவுக்கு ரெண்டாங்?’

‘கடையில வாங்கினது!’

‘நானுந்தாங்க!’

வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு பெரிய சத்தம் அந்த வீட்டில் கேட்டு வெகு நாளாகியிருந்தது. எனக்கே யாரோ சிரிக்கிறார்கள் போலிருந்தது. இந்த நாட்டில் மட்டும்தான் இது நடக்கும். இரண்டு தமிழ்ப் பொம்பளைகள் மாதக்கணக்கில் மலாயில் பேசி, ஒருவருக்கொருவர் ராயா வாழ்த்துச் சொல்லி, தீபாவளிக்கு மட்டும் வாழ்த்தாமல் விட்டுவிடுவது!

ஆம், பாரிட் லீமாவும் ஒரு பெண்தான். புஷ்பா என்று வைத்துக்கொள்வோம். சுங்கை பெசாரில் வீடு. நெல் ஆலை ஆபீசில் வேலை. என்னைவிடக் கொஞ்சம் இளையவள். தோட்டத்து வரிசைவீட்டு லயத்தில் பிறந்து வளர்ந்தவள். உடனே ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். பார்த்தே ஆக வேண்டும் என்று முடிவாயிற்று. அவளுக்கும் எனக்கும் நடுவழியாகத் தஞ்சோங் காராங்.

இப்போது ஊறுகாய்க்கு வருவோம்.

கடைக்குள் நுழைந்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. அவளும் என்னைப்போலவே சீக்கிரமே வந்து, சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். நானும் ஒன்றும் குறைவில்லை. எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் இலையோடு வந்தார். “ரெண்டு பேருதானா? வேற யாரும் வராங்களாம்மா?”

“இல்லங்க, ரெண்டு பேருதான்” என்றோம் ஒரே சமயத்தில்.

அடுத்தது என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நம்மவர் என்று தெரிந்த நிமிடமே நாம் போலீஸ்காரர் ஆகிவிடுவோம்.

“எந்தத் தோட்டம்க்கா நீங்க?” என்றாள் புஷ்பா.

சொன்னேன்.

“ஐயோ, அங்க ரெண்டாவது டிவிஷன்ல எங்க சித்தி கட்டிக்கிட்டுப் போச்சு! அவங்க மருமவ கிள்ளான்ல இருக்கு. உங்க சொந்தக்காரங்க யாரும் கிள்ளான்ல இருக்காங்களா?”

“என் நாத்தனார் இருக்கா.”

“எந்தத் தாமான்?”

சொன்னேன். அதே தாமான். இரண்டு தெரு தள்ளி.

“ஒலகம் ரொம்பச் சின்னதுலா அக்கா” என்றாள் சந்தோஷமாக. நான் அப்பளத்தை நொறுக்கினேன்.

“ஊட்டுக்காரரு?”

“தவறிட்டாரும்மா. உங்களுக்கு?”

“அவரு வேற குடும்பமாப் போயிட்டாரு, அத விடுங்க. பிள்ளைங்க?”

“ஒரே பையன். ஜோகூர்ல.”

“அடிக்கடி வருவாரா?”

இப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கிள்ளானில் நாத்தனார். இரண்டு தெரு தள்ளி இவளுடைய சித்தியின் மருமகள். நான் இங்கே ஒரு வார்த்தை விட்டால் விளக்கு வைப்பதற்குள் அங்கே போய்ச் சேரும். ‘பாவம், பெத்த பையன் எட்டிப் பாக்கறதில்லயாம்’ என்று. அந்தப் ‘பாவம்’ இருக்கிறதே, அதை என்னால் தாங்க முடியாது.

“வருவான், வருவான்... மாசம் தவறாம வந்துருவான்” என்றேன்.

“தீபாவளிக்கு?”

“சாயங்காலமா வந்தாங்க, எல்லாரும்.” கூச்சமில்லாமல் சொன்னேன். “உங்க பிள்ளைங்க?”

“ஒரே மக. அதுவும் சாயங்காலந்தான் வந்துச்சு. சிங்கப்பூர்ல வேல. லீவு கிடைக்காது. ஆனா வந்துருச்சு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். தீபாவளி அன்றைக்குச் சாயங்காலம் மட்டுமா, இருட்டிய பிறகும் வெகு நேரம் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தானே இருந்தோம்? ஒருவர் வீட்டிலும் கதவு தட்டவில்லை. ஒருவரும் எழுந்து போகவில்லை. அது அவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அங்கேதான் பேச்சு நின்றது. அங்கேதான் ஊறுகாய்.

கடைசியில் “ரசம் நல்லாருக்கு” என்றாள். “ஆமா, மிளகு தூக்கலா இருக்கு” என்றேன். கார் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். “ஊட்டுக்கு வாங்கக்கா” என்றாள். “நீயும் வாம்மா” என்றேன். எப்போது என்று இருவருமே சொல்லவில்லை.

வயல் நடுவே திரும்பி வரும்போது அழுகை வந்தது. ஒரு சிநேகிதியைக் கண்டுபிடிக்கப் போய், இருந்த ஒருவரையும் தொலைத்துவிட்டு வருகிறேனே என்று. பாரிட் லீமா யாரோ ஒரு நெல் விவசாயியாகவே இருந்திருக்கக் கூடாதா? அந்த மனிதர் ஒருநாளும் என்னைப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டதில்லை. மலாயில் நாங்கள் தீயைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் பேசினோம். அங்கே நான் யாருக்கும் அம்மா இல்லை, யாருக்கும் நாத்தனார் இல்லை. சொந்த பாஷையில் வாயைத் திறந்ததும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மாடிக்குப் போகவில்லை. சீரியல் பார்த்தேன். தாமானில் நடந்தேன். முறுக்கை டப்பாவில் போட்டு மூடினேன். யாரோடும் பேசாமல் நாலு நாள் இருக்க முடியும் என்பது பெரிய சாதனை ஒன்றுமில்லை, என் வயதில் நிறையப் பேர் செய்கிறார்கள்.

வியாழக்கிழமை மனசு கேட்காமல் போய்த் திறந்தேன்.

அவள் அங்கே இருந்தாள். கால்வாயில் இறங்கி எதையோ அடைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்தும் ஒன்றும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் மண் போட்டோம்.

அப்புறம் மலாயில் ஒரு வரி வந்தது. ‘மாலை வணக்கம். நம் தீ யோசனைக்குப் பதில் வந்திருக்கிறது, பார்த்தீர்களா?’

அப்பாடா என்றிருந்தது.

போய்ப் பார்த்தேன். தயாரிப்பாளர்களின் ஆள் ஒருவர் எழுதியிருந்தார். ‘மண்ணுக்கடியில் தீ – நல்ல யோசனை. எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். மேலே எல்லாம் பச்சையாக இருந்தால், கீழே எரிகிறது என்று ஆளுக்கு எப்படித் தெரியும்? அடையாளம் ஏதாவது வேண்டும். உங்கள் ஊரில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?’

உட்கார்ந்து பதில் தயாரித்தோம். மலாயில்தான். காலையில் மற்ற இடத்திலெல்லாம் பனி இருக்கும், அங்கே மட்டும் புல் காய்ந்திருக்கும் என்று அவள் எழுதினாள். செருப்பு இல்லாமல் நடந்தால் பாதத்தில் சூடு தெரியும் என்று நான் எழுதினேன். மரம் லேசாகச் சாய்ந்திருக்கும். கம்பியைக் குத்தி எடுத்தால் நுனி சுடும்.

‘கம்பியை யார் குத்துவது? விளையாட்டில் மண்டோர் இல்லையே’ என்றேன்.

‘பக்கத்தில் இருக்கிற ஆள்தான் குத்திப் பார்க்க வேண்டும்’ என்றாள்.

கோழிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. எழுந்து போய்விட்டாளோ என்று நினைத்தேன். அப்போது ஒவ்வொரு வரியாக வந்தது. மலாயில்.

‘அக்கா, அன்றைக்குக் கடையில் நான் பொய் சொன்னேன்.’

‘என் மகள் தீபாவளிக்கு வரவில்லை.’

‘போன வருடமும் வரவில்லை. போனும் எடுப்பதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.’

ஆறுதல் சொல்ல எத்தனையோ வாக்கியம் எனக்குத் தெரியும். வாராவாரம் இந்தப் பத்திரிகையில் உங்களுக்கு எழுதுகிறவள்தானே! ஒன்றும் வரவில்லை. கடைசியில் இரண்டே சொல் தட்டினேன்.

‘சாயா புன்.’

நானும்தான் என்று அர்த்தம்.

அந்தப் பக்கம் அவள் என்ன செய்தாள் என்று தெரியாது. இந்தப் பக்கம் நான் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, ‘இன்றைக்கு என்ன நடலாம்?’ என்று கேட்டாள். ‘எது சீக்கிரம் காய்க்குமோ அது’ என்றேன்.

நேற்று அவளிடம் இதைப் பத்தியாக எழுதலாமா என்று கேட்டேன். போனில், குரலாகவே, தமிழில் பதில் அனுப்பினாள். “பேர மட்டும் மாத்திடுங்கக்கா. ஊரு இருக்கட்டும். கண்டுபிடிக்கிறவங்க கண்டுபிடிக்கட்டும், எத்தன நாளைக்குத்தான் நான் சிரிச்ச மூஞ்சியா இருக்கறது, சொல்லுங்க?”

பெயரை மாற்றிவிட்டேன். ஆனால் என் பெயரை எப்படி மாற்றுவது? அது மேலே போட்டோவோடு அல்லவா இருக்கிறது!

அதனால் சொல்லிவிடுகிறேன். என் மகன் தீபாவளிக்கு வரவில்லை. மாதம் தவறாமல் வருகிறான் என்று உங்களில் பல பேரிடம், கோயிலிலும் கல்யாண வீட்டிலும், நானே சொல்லியிருக்கிறேன். அப்படி ஒன்றும் வருவதில்லை. போன் வரும். ‘சாப்டீங்களாம்மா?’ என்பான். சாப்பிட்டேன் என்பேன். வைத்துவிடுவான். எனக்கு அவனைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. மலாயில் இதைச் சொல்ல இரண்டு சொல் போதுமாக இருந்தது. தமிழில் இவ்வளவு சுற்றி வர வேண்டியிருந்தது.

இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் இது கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். போகட்டும்... அப்படியே ஜோகூர் வரைக்கும் போகட்டும்.